வாயைத் திறந்தால் கடிக்கத்தானா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிய அன்று இரவு, எங்கள் விடுதி அறையில் ஒரு மாநாடே நடந்தது. "ரோபோ பத்தி எழுதுடா" என்றான் ஒருவன். "வேலையில்லாத் திண்டாட்டம் எழுது, அது எந்த வருஷமும் ஓடும்" என்றான் இன்னொருவன். நான் "மீன் பத்தி எழுதப் போறேன்" என்றேன். அவ்வளவுதான், அறையே சிரித்தது. "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மீன் எதுக்குடா? மெஸ்ஸுலயும் அதைப் போட மாட்டேங்கிறாங்க!"

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். நான் எழுதுவது ஒரு மீனைப் பற்றித்தான். ஆனால் படித்து முடிக்கும்போது இது நம்மைப் பற்றியும்தான் என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் கரண்ட் போன ஓர் இரவு. அறை நண்பன் தன் செல்போனில் ஒரு படம் காட்டினான். நீலக் கடல். பவளப்பாறை. பாறை இடுக்கிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. தொடை கனத்தில் கழுத்து, பழுப்புத் தோல், கரும்புள்ளிகள், முள் முள்ளாகப் பற்கள். வாயைத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது.

"ஐயோ, பாம்பு!" என்றேன்.

"பாம்பு இல்லடா, அஞ்சாலை. மீன்தான். எங்க ஊர்ல வலையில வரும்" என்றான். அவன் கடற்கரைக்காரன். "வலையை உதறும்போது அதுகிட்ட கையைக் கொண்டுபோக மாட்டாங்க. 'அதோட வாயைப் பாரு, கடிக்கிறதுக்குன்னே திறந்து வச்சிருக்கு'ன்னு அப்பா சொல்வாரு."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடிப்பதற்கென்றால் யாரைக் கடிக்க? பக்கத்தில் யாருமே இல்லையே! ஆளில்லாத இடத்தில் எதற்காக ஓயாமல் வாயைத் திறந்து மூட வேண்டும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

யார் இந்த அஞ்சாலை?

அஞ்சாலை விலாங்கு இனத்தைச் சேர்ந்தது. உலகக் கடல்களில் ஏறக்குறைய 200 வகை அஞ்சாலைகள் இருக்கின்றன. நம் மன்னார் வளைகுடாவிலும் இதன் சொந்தக்காரர்கள் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் அவற்றின் வீடு. 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நான் படத்தில் பார்த்தது ராட்சத அஞ்சாலை. விஞ்ஞானப் பெயர் ஜிம்னோதொராக்ஸ் ஜாவானிகஸ். ஜாவா தீவில் டச்சு இராணுவ மருத்துவராக இருந்த பீட்டர் பிளீக்கர் என்பவர் 1859-ல் இதைப் பதிவு செய்தார். அதனால்தான் பெயரில் ஜாவா. செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் தொடங்கி, இந்துமாக் கடல் தாண்டி, பசிபிக்கின் பிட்கெய்ர்ன் தீவுகள் வரை இது வாழ்கிறது. 3 மீட்டர் நீளம், 30 கிலோ எடை வரை வளரும். 3 மீட்டர் என்றால் எங்கள் பட்டறை லேத்தின் பெட்டை விட நீளம்!

இதன் உடலைப் பார்த்தால் ஒரு நல்ல டிசைனரின் வேலை போலவே தெரிகிறது. செதில் இல்லை. பக்கத் துடுப்பு இல்லை, அடித் துடுப்பும் இல்லை. தோல் முழுக்க வழவழப்பான கோழை. பவளப்பாறை சொரசொரப்பானது, ரம்பம் மாதிரி. அந்த இடுக்குகளில் நுழைந்து வளைந்து வெளியே வர வேண்டும் என்றால், நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் எதுவும் இருக்கக் கூடாது, கிரீஸ் போட்டது போல் மேற்பரப்பும் இருக்க வேண்டும். இரண்டுமே இருக்கின்றன.

இப்படிப்பட்ட மீனின் மீது மனிதன் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்திருக்கிறான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குற்றச்சாட்டு: வாயைத் திறந்து மிரட்டுகிறது

மீன்கள் தண்ணீரை வாய் வழியாக வாங்கிச் செவுள் வழியாக வெளியே விட்டுத்தான் மூச்சு விடுகின்றன. கெண்டை, கெளுத்தி எதை எடுத்தாலும் தலையின் பக்கவாட்டில் பெரிய செவுள் மூடி ஒன்று அசைவதைப் பார்த்திருப்போம். அஞ்சாலைக்கு அப்படி அகலமான மூடி கிடையாது. தலைக்குப் பின்னால் சின்ன ஓட்டை மட்டும்தான். அதனால் வாயை நன்றாகத் திறந்து மூடித்தான் செவுளுக்குத் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும்.

அதாவது, நாம் மிரட்டல் என்று நினைத்தது மூச்சு! பம்பு ஓடுவதைப் பார்த்து 'என்னை அடிக்க வருகிறது' என்று யாராவது சொல்வார்களா? ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்த மீனைப் பற்றி அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம்.

இரண்டாம் குற்றச்சாட்டு: மனிதனைக் கடிக்கிறது

இதை நான் மறுக்கப் போவதில்லை. கடிக்கும். மோசமாகவே கடிக்கும். பற்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை, பிடித்தால் விடாது. ஆனால் எப்போது கடிக்கிறது? இடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கையை விடும்போது. வலையில் சிக்கி உயிருக்குத் துடிக்கும்போது. அப்புறம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

சுற்றுலாவுக்குக் கடலில் முங்குகிறவர்கள் சிலர் அஞ்சாலைக்குக் கையாலேயே இறைச்சித் துண்டு கொடுத்துப் பழக்குகிறார்கள். வேடிக்கை காட்ட, படம் பிடிக்க. அஞ்சாலைக்குக் கண் பார்வை மந்தம், மோப்பம்தான் கூர்மை. 'மனிதக் கை வந்தால் சாப்பாடு வரும்' என்று அதற்குப் பாடம் நடத்துகிறோம். ஒருநாள் இறைச்சி எது, விரல் எது என்று அதற்குத் தெரியாமல் போகிறது. இப்படி விரலை இழந்தவர்கள் உண்டு. பாடம் நடத்தியவன் ஒருவன், பழி ஏற்பது மீன்!

இந்தப் பழி இன்று நேற்று வந்ததல்ல. ஈராயிரம் வருஷத்துக்கு முன் ரோமாபுரியில் வீடியஸ் போலியோ என்ற பணக்காரன் தன் வீட்டுக் குளத்தில் மத்தியதரைக் கடல் அஞ்சாலைகளை வளர்த்தானாம். ஒருநாள் அகஸ்டஸ் பேரரசர் விருந்துக்கு வந்திருந்தபோது ஓர் அடிமைப் பையன் பளிங்குக் கிண்ணத்தை உடைத்துவிட்டான். அவனைக் குளத்தில் வீசச் சொன்னான் போலியோ. பேரரசர் தடுத்தார். அதோடு விடவில்லை, வீட்டிலிருந்த மற்ற கிண்ணங்களையும் உடைத்து, குளத்தையும் தூர்க்கச் சொன்னார் என்று செனக்கா எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் 'எவ்வளவு கொடூரமான மீன்' என்றுதான் முடிக்கிறார்கள். குளத்தை வெட்டியவன் மனிதன். அடிமையை வைத்திருந்தவன் மனிதன். கிண்ணத்துக்கு உயிரை விலை பேசியவன் மனிதன். கொடூரம் மட்டும் மீனுடையதா?

மூன்றாம் குற்றச்சாட்டு: விஷ மீன்

ராட்சத அஞ்சாலையைத் தின்று நோய்வாய்ப்பட்டவர்கள் பசிபிக் தீவுகளில் ஏராளம். சிகுவாட்டெரா என்பது அந்த நோயின் பெயர். வாந்தி, பேதி, கை கால் மரமரப்பு எல்லாம் வரும். குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போல் தோன்றுமாம். வேக வைத்தாலும் அந்த விஷம் போகாது. ருசியிலும் தெரியாது, வாசனையிலும் தெரியாது.

சரி, விஷம் அஞ்சாலையுடையதா? இல்லை. பவளப்பாறைப் பாசியில் ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி ஒன்று அதற்கு மூலத்தை உண்டாக்குகிறது. பாசியைச் சின்ன மீன் தின்னும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். பெரிய மீனை அஞ்சாலை தின்னும். கீழேயிருந்து மேலே போகப் போக விஷம் சேர்ந்துகொண்டே போகும். கடைசி ஆளாக இருப்பதால் அஞ்சாலையின் ஈரலில் வந்து தங்குகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்த விஷத்தின் அமைப்பைக் கண்டுபிடிப்பதற்காக 4,000 கிலோ அஞ்சாலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது 0.35 மில்லிகிராம். 1989-ல் அமைப்பை வெளியிட்டார்கள். அவ்வளவு சிறிய அளவே ஆளைச் சாய்க்கும் என்றால் பாருங்கள்!

தின்னக் கூடாது என்பது சரியான எச்சரிக்கை. ஆனால் 'விஷ மீன்' என்ற பட்டம் மட்டும் சரியில்லை. ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து சேர்கிற குளத்தை 'அழுக்குக் குளம்' என்று திட்டுகிற கதைதான் இது.

தொண்டைக்குள் இன்னொரு தாடை

இப்போது நம் துறை விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக்கல் மாணவன் எதற்கு மீன் படிக்க வேண்டும் என்று கேட்ட நண்பர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்கவும்.

நிறைய மீன்கள் இரையை எப்படிப் பிடிக்கின்றன தெரியுமா? வாயை டக்கென்று பெரிதாக விரித்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிவிடும். வேக்குவம் தத்துவம்! ஆனால் குறுகலான இடுக்கில் இருந்துகொண்டு தலையை அப்படி விரிக்க முடியாது. அஞ்சாலை என்ன செய்கிறது?

2007-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இருவரும் ஒரு வகை அஞ்சாலை சாப்பிடுவதை அதிவேகக் காமிராவில் படம் பிடித்து வெளியிட்டார்கள். முன் தாடை இரையைக் கவ்வியதும், தொண்டைக்குள்ளிருந்து இரண்டாவது தாடை ஒன்று, பல்லோடு, முன்னால் பாய்ந்து வந்து இரையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது! தொண்டைத் தாடை வேறு மீன்களுக்கும் உண்டு. ஆனால் அது வாய்க்குள் முன்னேறி வந்து இரையை இழுத்துப் போவதை அதுவரை யாரும் கண்டதில்லை.

புரியவில்லை என்றால் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அம்மா வாளி இழுக்கும்போது ஒரு கை கயிற்றைப் பிடித்திருக்கும். மறு கை முன்னால் போய்ப் பிடித்து இழுக்கும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் விடாது. விட்டால் வாளி கிணற்றில். அதே தத்துவம்தான் அஞ்சாலையின் வாய்க்குள் நடக்கிறது. நழுவுகிற பொருளை நழுவ விடாமல் நகர்த்துவது எப்படி? எந்தத் தொழிற்சாலையிலும் இந்தக் கேள்வி உண்டு. அஞ்சாலை அதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டது.

செங்கடலில் ஒரு கூட்டணி

இனி வருவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

எகிப்து நாட்டின் செங்கடல் கரையில் ராஸ் முகமது என்ற கடல் பூங்கா இருக்கிறது. அங்கே ரெடுவான் பிஷாரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கண்டதை 2006-ல் வெளியிட்டார்கள். அங்கே ஒரு வகைக் களவா மீன் பகலில் திறந்த நீரில் துரத்தி வேட்டையாடும். துரத்தினால் சின்ன மீன் என்ன செய்யும்? பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். களவாவின் பெரிய உடம்பு அங்கே நுழையாது. ராட்சத அஞ்சாலைக்கு இடுக்குதான் கோட்டை. ஆனால் அதைக் கண்டதும் சின்ன மீன் வெளியே திறந்த நீருக்கு ஓடித் தப்பிவிடும்.

களவா என்ன செய்கிறது தெரியுமா? அஞ்சாலை படுத்திருக்கும் இடுக்குக்கே நேராகப் போய், அதன் முகத்துக்கு எதிரே நின்று தலையை வேகமாக ஆட்டுகிறது. 'வா, வேட்டைக்குப் போகலாம்' என்று பொருள்! பகலில் ஓய்வெடுக்கிற அஞ்சாலையும் எழுந்து கூடவே கிளம்புகிறது. இரை இடுக்கில் புகுந்தால் அஞ்சாலைக்கு. வெளியே ஓடி வந்தால் களவாவுக்கு. தனித்தனியாக வேட்டையாடுவதை விடச் சேர்ந்தால் இருவருக்கும் லாபம். பசியோடு இருக்கும்போது களவா அதிகமாகக் கூப்பிடுகிறது. ஒளிந்த மீன் எங்கே இருக்கிறது என்று தலைகீழாக நின்று இடத்தைக் காட்டுகிறது என்பதையும் 2013-ல் எழுதியிருக்கிறார்கள்.

இதை நட்பு என்று சொல்லி நான் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. பிடித்ததை இருவரும் பங்கு போடுவதில்லை. யார் பிடித்தாரோ அவர் முழுசாக விழுங்கிவிடுவார். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். 'எனக்கு முடியாதது உனக்கு முடியும்' என்று ஒரு பெரிய மீன் இன்னொரு மீனிடம் போய்க் கேட்கிறது. கேட்க அது வெட்கப்படவில்லை.

என் வாயும் திறந்து மூடியது

நண்பர்களே, இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பத்து வரை தமிழ் வழி. முதல் வருஷப் பட்டறைத் தேர்வில் எனக்கு டர்னிங் வேலை வந்தது. துண்டைக் கச்சிதமாகக் கடைந்து கொடுத்தேன். வெர்னியரில் அளந்து பார்த்தவர் தலையை ஆட்டினார். பிறகு வைவா. ஆங்கிலத்தில் கேள்வி. டெயில் ஸ்டாக் எதற்கு என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் என் கை அதைப் பிடித்திருந்தது. நீளத் துண்டின் மறுமுனையைத் தாங்க, துளை போட டிரில்லைப் பிடிக்க, எல்லாம் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன், மூடினேன்.

"ஒண்ணும் தெரியல. நெக்ஸ்ட்" என்றார்.

அவ்வளவுதான். கடைந்த துண்டு மேசை மேல் இருந்தது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன் பண்ணியபோது அப்பா "எப்படிப்பா எழுதின?" என்று கேட்டார். "நல்லா பண்ணினேன்ப்பா" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

அந்தப் படத்தில் அஞ்சாலையின் வாயைப் பார்த்தபோது எனக்கு ஏன் மனசு கேட்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரே நாளில் அத்தனை பேரைக் கேட்டாக வேண்டும், அவருக்கும் களைப்பு இருந்திருக்கும். ஆனால் பட்டறையில் நமக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் என்ன? 'கண்ணால் பார்த்து அளவு சொல்லாதே, வெர்னியரை எடு' என்பதுதானே? இரும்புத் துண்டுக்கு இருக்கிற அந்த மரியாதை ஒரு மாணவனுக்கு வேண்டாமா?

நாம் மட்டும் யோக்கியமா? பேசாத பையனை 'திமிரு பிடிச்சவன்' என்கிறோம். உரக்கப் பேசுகிறவளை 'வாயாடி' என்கிறோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவனை 'தேறாத கேஸ்' என்கிறோம். யாரை அளந்து பார்த்தோம்? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

என் கருத்து

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதனால் இரண்டு யோசனைகளைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

ஒன்று. வைவாவில் ஆங்கிலத்தில் பதில் வராத மாணவனிடம் அதே கேள்வியைத் தமிழில் ஒருமுறை கேட்டுவிட்டு மதிப்பெண் போடும்படி நம் ஆசிரியர்களைப் பேரவை பணிவோடு கேட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு டிராயிங்கும் மெஷின் கையேடும் ஆங்கிலத்தில்தான் வரும், கற்றே ஆக வேண்டும். ஆனால் ஆங்கிலம் தெரியாததும் லேத் தெரியாததும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

இரண்டு. பட்டறையிலும் லேபிலும் குழு பிரிக்கும்போது பழகியவர்களே ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறோம். இங்கிலீஷ் மீடியம் ஒரு பக்கம், தமிழ் மீடியம் ஒரு பக்கம். களவாவையும் அஞ்சாலையையும் போலக் கலந்து நிற்போம். தியரி சரளமாகச் சொல்கிறவன் ஒருவன், ஃபைல் பிடித்தால் மூலை மட்டம் பிசகாதவன் ஒருவன். எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழக்கியவன் என் பெஞ்சுக்காரன். அவனுக்கு த்ரெட் வெட்டச் சொல்லிக் கொடுத்தவன் நான். இரண்டாம் செமஸ்டர் வைவாவில் நான் பேசினேன். தப்பும் தவறுமாகத்தான், ஆனால் பேசினேன்.

இதற்கெல்லாம் முதல் படி தலையை ஆட்டிக் கூப்பிடுவதுதான். 'எனக்குப் புரியலடா, சொல்லிக் கொடு' என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

'ஒரு மீனை வைத்து மனிதனுக்குப் பாடம் நடத்துகிறாயே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மீன் நமக்குப் பாடம் நடத்துவதற்காகப் பிறக்கவில்லை. அது தன் பாட்டுக்கு மூச்சு விடுகிறது. தப்பாகப் படித்தது நாம். தப்பாகப் படித்ததைத் திருத்திப் படிக்கிறோம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. அந்த மூச்சுக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. கடல் சூடானால் பவளம் வெளுத்துச் சாகும். 1998, 2010, 2014 முதல் 2017 என்று மூன்று தடவை உலகம் முழுக்க அப்படி நடந்தது. நான்காவது தடவையும் நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். பவளம் போனால் இடுக்கு போகும். இடுக்கு போனால் அஞ்சாலை போகும், நம் மீனவர் வலையில் விழும் மற்ற மீன்களும் போகும். பயந்து ஒதுக்கிய உயிருக்காக யாரும் போராட மாட்டார்கள். அதனால்தான் முதலில் அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

அடுத்த முறை யாராவது உங்கள் எதிரே வாயைத் திறந்து திறந்து மூடினால், கொஞ்சம் பொறுங்கள். கடிக்க வருகிறானா, மூச்சு விடுகிறானா, இல்லை சொல்லத் தெரியாமல் தவிக்கிறானா என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

அந்த ஒரு நிமிஷம் அன்று எனக்குக் கிடைக்கவில்லை. நமக்கு அடுத்து வருகிற முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்காவது கிடைக்கட்டும்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை